நாலு சூ நாவல்: பிரான்சில் படம்போட்ட மலிவுப் பதிப்பு எங்கே தொடங்கியது?

பழுப்புத்தாள்:

பிரெஞ்சு வெகுஜன நாவல் என்று எங்கே பேச்சு வந்தாலும் 1836-இல் ஆரம்பித்து, பத்திரிகை அதிபர் ஜிரார்தேன், அவருடைய நாளிதழ் லா பிரெஸ், அதில் வந்த தொடர்கதை, நாவலாசிரியர்கள் எழேன் ஸ்யூ, டூமா என்று போய் முடித்துவிடுகிறார்கள். அதைப் பாதியாவது மறுக்கத்தான் இந்த இழை. செய்தித்தாள் கதைப் பசியைக் கிளப்பியது உண்மை. ஆனால் நாள்கூலி வாங்குகிற ஒருவர் தன் காசில் ஒரு நாவலை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள முடிந்தது 1848-49-இல் கிளம்பிய படம்போட்ட சஞ்சிகைகளால்தான், அதாவது ஒரு நாவலைப் பகுதி பகுதியாக விற்ற மெல்லிய வெளியீடுகளால்தான். அந்தக் கதையை யாரும் சொல்வதில்லை, காரணம் அந்தப் பதிப்பாளர்களில் யாரும் டூமா மாதிரி சுவாரசியமான ஆசாமிகள் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 1830-களில் பாரிசில் ஒரு புது நாவலின் ஒரு பாகம் ஏழரை பிராங்கு. அதுவும் ஒரே பாகமாக முடியாது. அகலமான ஓரம், பெரிய எழுத்து, வரிக்கு வரி தாராள இடைவெளி என்று இழுத்து இரண்டு பாகம், நாலு பாகம் ஆக்கிவிடுவார்கள். ஏனென்றால் அதை வாங்குவது வாசகர் இல்லை, வாடகைக்குப் புத்தகம் தருகிற வாசகசாலைகள். பாகம் கூடினால் வாடகையும் கூடும். ஆயிரம் பிரதி போனால் பதிப்பாளருக்குத் திருப்தி. அதே பாரிசில் 1847 வாக்கில் ஆண் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி மூன்றரை, நாலு பிராங்கு, பெண்ணுக்கு அதில் பாதிகூடக் கிடையாது. இரண்டு பாக நாவலுக்கு நாலு நாள் கூலியை எண்ணி வைக்க வேண்டும். நடக்கிற காரியமா?

1838-இல் ஷார்பான்த்தியே என்ற பதிப்பாளர் சின்ன அளவில் நெருக்கி அச்சடித்து, முழு நாவலையும் ஒரே புத்தகமாக மூன்றரை பிராங்குக்குக் கொண்டுவந்தார். பெல்ஜியத்தில் அடித்துத் தள்ளிய திருட்டுப் பதிப்புகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயமும் அவருக்கு இருந்தது. பெரிய பாய்ச்சல்தான், ஆனாலும் மூன்றரை பிராங்கு என்பது இன்னமும் ஒரு நாள் கூலி.

அப்புறம் 1848 பிப்ரவரிப் புரட்சி. புத்தக வியாபாரம் படுத்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் குஸ்தாவ் அவார், ஜோசெஃப் ப்ரி, குஸ்தாவ் பார்பா என்று சிலர் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினார்கள். பெரிய அளவுத் தாளில் பதினாறு பக்கம், பக்கத்துக்கு இரண்டு பத்தி, கண்ணைக் குத்துகிற பொடி எழுத்து, நடுநடுவே மரக்கட்டைப் படங்கள், விலை 20 சாந்தீம். ஒரு பிராங்குக்கு நூறு சாந்தீம், ஒரு சூ என்பது 5 சாந்தீம், ஆகவே நாலு சூ. இப்படிச் சில சஞ்சிகைகளில் ஒரு நாவல் முடிந்துவிடும், மொத்தச் செலவு ஒரு பிராங்கைச் சுற்றித்தான் இருக்கும். ஏழரை, பதினைந்து பிராங்குக்குப் போன அதே சரக்கு.

இதைவிட்டு எல்லாரும் 1836 என்கிறார்கள்.

வழிப்போக்கன்:

சார், எல்லாரும் 1836 என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜூலை 1, 1836 அன்று ஜிரார்தேனின் லா பிரெஸ், தியூத்தாக்கின் ல சியேக்ல் இரண்டும் ஒரே நாளில் வெளிவந்தன. மற்ற நாளிதழ்களுக்கு ஆண்டுச் சந்தா 80 பிராங்கு இருந்தபோது இவர்கள் 40 என்றார்கள். மீதியை விளம்பரக்காரர்களிடம் வாங்கிக்கொள்ளலாம் என்பது ஜிரார்தேனின் கணக்கு. விளம்பரக்காரன் வரவேண்டுமென்றால் வாசகன் நிறைய வேண்டும், வாசகன் நாளைக்கும் வரவேண்டுமென்றால் கதை பாதியில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் தொடர்கதையின் பொருளாதாரம். அந்த ஆண்டு அக்டோபரிலேயே லா பிரெஸில் பால்ஸாக்கின் நாவல் தொடராக வந்தது. 1842 ஜூன் முதல் 1843 அக்டோபர் வரை ஸ்யூவின் 'பாரிஸ் மர்மங்கள்', அதுவும் ழுர்னால் தெ தெபா என்கிற கனவான்களின் பத்திரிகையில். அடுத்து 1844-இல் வெரோன் என்பவர் ல கோன்ஸ்தித்யூசியோனேல் நாளிதழை வாங்கி, ஸ்யூவுக்கு ஒரு லட்சம் பிராங்கு கொடுத்து ஒரு தொடர் எழுதவைத்ததில், 3,600 சந்தாதாரர்கள் இருபதாயிரத்துக்கு மேல் போனார்கள்.

வெகுஜன வாசகரை உருவாக்கியது இதுதான். உங்கள் பார்பாவும் ப்ரியும் ஏற்கெனவே உழுது விதைத்த வயலில் அறுவடை செய்தவர்கள்.

பழுப்புத்தாள்:

உழுதவர் யார் என்பதில் சண்டை இல்லை. ஆனால் 40 பிராங்கு சந்தா என்பது தொழிலாளிக்குப் பத்து நாள் கூலிக்கு மேல். அன்றைக்குத் தெருவில் சில்லறைக்கு வாங்குகிற பழக்கமும் இல்லை, தபாலில் சந்தாதான். அதனால் ஏழைகள் படித்தது காபிக் கடையில், வாயில்காப்பாளர் அறையில், யாரோ ஒருவர் சத்தமாக வாசிக்கப் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டபடி. அப்படிப் படித்தவர்கள் கோடி பேர் இருந்தாலும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. நான் பேசுவது கையில் மிஞ்சிய தாளைப் பற்றி.

அச்சுக்கோப்பவர்:

இரண்டு பேரும் பணத்தையே பேசுகிறீர்கள். கட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அது இல்லாமல் நாலு சூவுக்குப் படம் வந்திருக்காது.

அதற்கு முன் புத்தகத்தில் நயமான படம் என்றால் செப்புத்தகடு. தகட்டில் கோடு பள்ளமாக இருக்கும், பள்ளத்தில் மை நிற்கும், அதைத் தாளுக்கு ஏற்ற வேறு உருளை அச்சு வேண்டும். எழுத்தோடு சேர்த்து ஓட்ட முடியாது. தனியாக அச்சடித்து, தனித் தாளாக நடுவில் ஒட்டவேண்டும். ஒவ்வொரு படமும் ஒரு செலவு.

மரக்கட்டை அப்படி இல்லை. புடைப்பாக நிற்கிற இடம்தான் மை வாங்கும், எழுத்தைப் போலவே. புத்தகக் கட்டைக்குப் பாக்ஸ்மரத்தைக் குறுக்காக அறுத்து, முனைப்பக்கத்தில் உளி ஓட்டுவார்கள். நீளவாக்கில் அறுத்த பலகை நார் பிரிந்து பிசிறும், முனைப்பக்கம் கல் மாதிரி கெட்டியாக இருப்பதால் முடி அளவு கோடுகூட நிற்கும். இங்கிலாந்தில் பியூவிக் இதைத் தேர்ச்சியாகச் செய்தார், 1817-இல் சார்ல்ஸ் தாம்சன் என்ற ஆங்கிலேயக் கட்டைக்காரர் வந்து பாரிசில் வேரூன்றவைத்தார். கட்டையை டைப் உயரத்துக்குச் சீவி, கம்போஸ் பண்ணிய எழுத்தோடு சேர்த்து ஒரே ஃபாரத்தில் முடுக்கினால் படமும் எழுத்தும் ஒரே ஓட்டத்தில் விழும். படத்துக்குத் தனிக் கூலி இல்லை, தனித் தாள் இல்லை, ஒட்டுகிற வேலை இல்லை.

பாக்ஸ்மரம் தடியாக வளராது. அதனால் பெரிய படத்துக்குச் சின்னச் சின்னக் கட்டைகளை ஒன்றாகப் பிணைப்பார்கள். அவசரம் என்றால் பிரித்து நாலு பேரிடம் கொடுத்து வெட்டி, மறுபடி சேர்ப்பார்கள். பழைய பிரதிகளில் படத்தின் குறுக்கே நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு ஓடினால் அது மடிப்பு அல்ல, கட்டைகள் சேர்ந்த இடம். பார்பா சஞ்சிகைகளின் ஸ்கேன் பிரதியைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் சில படங்களில் வானம் ஒருவர் கை, மனிதர் வேறொருவர் கை என்பதே தெரிகிறது. வானத்தில் கோடுகள் சீராகப் போகும், மனிதரின் உடை மடிப்பில் வந்ததும் தடுமாறும்.

இன்னொன்று, கட்டையிலிருந்து ஈய வார்ப்பு எடுத்துவிட்டால் அதை விற்கலாம். 1832-இல் லண்டனில் தொடங்கிய பென்னி மேகசின் தன் வார்ப்புகளை வெளிநாட்டுக்கு விற்றது. 1833-இல் பாரிசில் எதுவார் ஷார்த்தோன் இரண்டு சூ விலைக்குத் தொடங்கிய மகாஸேன் பித்தோரெஸ்க் அந்த வழியில் வந்ததுதான். ஆகவே படத்துக்கு ஒருமுறை செலவழித்தால் பலமுறை காசு பார்க்கலாம்.

செவ்வந்தி_கே:

அச்சுக்கோப்பவர் ஐயா, அருமை. பெரிய படத்தை நாலு பேர் வெட்டுகிற விஷயம் எனக்குப் புதிது.

பழுப்புத்தாள் அண்ணா, நீங்கள் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த நாலு சூ சஞ்சிகை என்றதும் குப்பைக் கதைகள் என்று நினைக்கிறார்கள். பார்பா முக்கியமாக விற்றது போல் தெ கோக், பிகோ-லெப்ரேன், அப்புறம் ஃபெனிமோர் கூப்பர் மொழிபெயர்ப்புகள், ஓவியர் பெர்த்தாலின் படங்களோடு. சரி, அவை கேளிக்கைக் கதைகள். ஆனால் 1851-இலிருந்து எத்ஸெல் என்ற பதிப்பாளர் இதே நாலு சூ அமைப்பில் ஜார்ஜ் சாண்டின் எல்லா நாவல்களையும் போட்டார், படங்கள் தோனி ஜோஹானோ, அப்புறம் அம்மாவின் புத்தகத்துக்கு மகன் மொரிஸ் சாண்ட். சாண்ட் அந்தப் பதிப்புக்கென்றே நாவல்களுக்குப் புது முன்னுரைகள் எழுதினார். மரெஸ்க் இதே பாணியில் பால்ஸாக்கைப் போட்டார், ஹ்யூகோவும் வந்தார். ஆகவே பால்ஸாக்கைத் தையல்காரப் பெண் படித்தார் என்றால் அது தோல் அட்டைப் பதிப்பில் இல்லை.

குஸ்தாவ் டோரே! அவர் பெயரை வாங்கியதே இந்த உலகத்தில்தான். 1854-இல் ப்ரி போட்ட ரபெலே என்ற பழைய எழுத்தாளரின் நகைச்சுவைக் கதைகள், மட்டமான தாள், நெருக்கின பத்தி, அதில் 22 வயதுப் பையன் வரைந்த படங்கள். ஊரே பேசியது. அப்புறம் 1861-இல் தாந்தேயின் நரகத்தை நூறு பிராங்குப் பதிப்பாகப் போடப் பதிப்பாளர் ஹாஷெத் தயங்க, டோரே தன் கைக்காசைப் போட்டு அச்சடித்தார். நாலு சூவில் வளர்ந்தவர் நூறு பிராங்குக்குப் போய்விட்டார் என்று எனக்கு லேசான வருத்தம் உண்டு, ரபெலேயில் இருந்த விளையாட்டு நரகத்தில் இல்லை. (நரகத்தில் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்க வேண்டாம்.)

ரவி_புதுவை:

ஸ்யூ பேச்சு வந்ததால் ஒரு கிளைச் செய்தி. 'பாரிஸ் மர்மங்கள்' லண்டனுக்குப் போய் 1844-இல் ரெய்னால்ட்ஸின் 'லண்டன் மர்மங்கள்' ஆனது. ரெய்னால்ட்ஸ் இளவயதில் பாரிசில் இருந்தவர். வாரம் ஒரு பென்னிச் சஞ்சிகை, முதல் பக்கத்தின் தலையில் ஒரு மரக்கட்டைப் படம். அந்த ரெய்னால்ட்ஸைத்தான் பிற்பாடு ஆரணி குப்புசாமி முதலியார் தமிழில் தழுவித் தழுவி எழுதினார். நம் தாத்தாக்கள் ராத்திரி விளக்கை அணைக்காமல் படித்த மர்ம நாவல்களுக்குப் பாரிசில் ஒரு கொள்ளுத்தாத்தா உண்டு.

வழிப்போக்கன்:

பாருங்கள், அதுவும் செய்தித்தாளில் வந்த தொடர்தான்.

பழுப்புத்தாள்:

லண்டனில் அது சஞ்சிகையாக வந்தது, படத்தோடு. உங்கள் வாயாலேயே சொல்லவைத்துவிட்டார் ரவி.

மீனாள்:

நீங்கள் சண்டை போடுங்கள், எனக்கு வேறு கேள்வி. அரசாங்கம் சும்மா இருந்ததா? நாலு சூவுக்குத் தொழிலாளி கையில் புத்தகம் போகிறது, 1848 புரட்சி வேறு நடந்திருக்கிறது. பயந்திருக்க மாட்டார்களா?

செவ்வந்தி_கே:

பயந்தார்கள் மீனாள் அக்கா, நன்றாகவே பயந்தார்கள். 1850 ஏப்ரலில் ஸ்யூ பாரிசில் சோஷலிஸ்டுகளின் வேட்பாளராக நின்று ஜெயித்துச் சட்டசபைக்கே வந்துவிட்டார். தொடர்கதை எழுதினவர் உறுப்பினர் ஆனதும் கனவான்களுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு பக்கம் வாக்குரிமையைச் சுருக்கினார்கள். இன்னொரு பக்கம் அந்த ஜூலையிலேயே ரியான்ஸே என்ற உறுப்பினரின் திருத்தத்தை நிறைவேற்றினார்கள்: எந்த நாளிதழிலாவது, அதன் இணைப்பிலாவது தொடர்கதை வந்தால் பிரதிக்கு ஒரு சாந்தீம் முத்திரை வரி. கேட்டால் சின்னத் தொகை. ஆனால் பல்லாயிரம் பிரதி, தினமும் என்று பெருக்கிப் பாருங்கள். 1852-இல் அதை எடுத்துவிட்டார்கள், ஆனால் எடுத்தவர்கள் அதைவிட மோசம். லூயி நெப்போலியனின் ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு ஸ்யூ நாட்டைவிட்டு ஓடி சவோயில் இருந்தார்.

ஸ்யூ 1849-இலிருந்து 'மக்களின் மர்மங்கள்' என்று ஒரு குடும்பத்தின் பல நூற்றாண்டுக் கதையைப் படம்போட்ட சஞ்சிகைகளாகவே விட்டுக்கொண்டிருந்தார், பத்திரிகையில் அல்ல. 1857-இல் அதன் மேல் வழக்குப் போட்டு, பறிமுதல் செய்து அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வருவதற்குச் சில வாரம் முன்புதான் ஸ்யூ இறந்திருந்தார். அதே 1857-இல் நாவலாசிரியர் ஃப்ளோபேர், கவிஞர் போதலேர் மேல் நடந்த வழக்குகளை எல்லாரும் சொல்கிறார்கள், மூன்றாவதான இதைச் சொல்வதில்லை.

பழுப்புத்தாள்:

மீனாள் கேட்டது நல்ல கேள்வி. நகரத்தைவிடக் கிராமத்தில் கெடுபிடி அதிகம். அங்கே புத்தகம் போனது முதுகில் பெட்டி சுமந்த நடைவியாபாரிகள் மூலம். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து துருவா நகரத்து அச்சகங்கள் அடித்த நீல அட்டைக் குட்டிப் புத்தகங்கள், பஞ்சாங்கம், புனிதர் கதை, வீரர் கதை எல்லாம் அவர்கள் பெட்டியில்தான் போயின. 1849-இல் அந்த வியாபாரிகளுக்கு மாவட்ட அதிகாரியின் அனுமதி கட்டாயமானது. 1852-இல் ஒரு தணிக்கைக் குழு போட்டு, பெட்டியில் இருக்கிற ஒவ்வொரு பிரதியிலும் முத்திரை விழுந்திருக்க வேண்டும் என்றார்கள். அந்தக் குழுவின் செயலாளர் ஷார்ல் நிஸார், படித்துத் தடைசெய்யக் கிடைத்த புத்தகங்களை வைத்தே 1854-இல் மக்கள் இலக்கிய வரலாறு ஒன்று எழுதினார். இன்றைக்கு ஆய்வாளர்களுக்கு அது பொக்கிஷம். போலீஸ்காரர் எழுதிய இலக்கிய வரலாறு என்று வைத்துக்கொள்ளலாம்.

நடைவியாபாரியை நெருக்கிய அதே காலத்தில் ரயில் நிலையத்தில் கடை வைக்க லூயி ஹாஷெத்துக்கு அனுமதி கிடைத்தது. 1853 முதல் நிலையம் நிலையமாக ஹாஷெத் கடை. ஆக, பெட்டி சுமந்தவர் காணாமல் போனதில் முத்திரைக்கு ஒரு பங்கு, ரயிலுக்கு ஒரு பங்கு.

வழிப்போக்கன்:

சரி, நாலு சூ சஞ்சிகையை ஒப்புக்கொள்கிறேன் என்றே வையுங்கள். அது எத்தனை நாள் நின்றது? 1855-56-இல் மிஷேல் லெவி முழுப் புத்தகத்தை ஒரு பிராங்குக்குப் போட்டுவிட்டார், படமே இல்லாமல். 'மதாம் பொவாரி' 1857-இல் அந்த ஒரு பிராங்கு வரிசையில்தான் இரண்டு பாகமாக வந்தது, ஃப்ளோபேருக்குக் கிடைத்தது 800 பிராங்கும் மேலே கொஞ்சமும். ஃப்ளோபேர் உயிரோடு இருக்கும்வரை தன் புத்தகத்தில் படம் போடக்கூடாது என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்தவர். படம் இல்லாமலும் மலிவுப் பதிப்பு ஓடும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் 1863 பிப்ரவரி 1. மில்லோவின் ல பெத்தி ழுர்னால், விலை ஒரே ஒரு சூ, சந்தா தேவையில்லை, தெருவில் கூவி விற்றார்கள். அரசியல் எழுதாததால் முத்திரை வரி இல்லை. அதில் பொன்சோன் துய் தெராயின் ரொக்காம்போல் சாகசக் கதைகள், பின்னால் கபோரியோவின் துப்பறியும் கதைகள். 1869-இல் ஒரே குடும்பத்தில் எட்டுப் பேரைக் கொன்ற துரோப்மான் வழக்கின்போது விற்பனை ஐந்து லட்சத்தைச் சுற்றிப் போனது. மரினோனியின் சுழல் அச்சு இல்லாமல் அது முடியாது. ஐந்து லட்சம் பிரதி! உங்கள் பார்பா கனவில்கூடக் கண்டிருக்க மாட்டார்.

மீனாள்:

அந்த ஒரு சூ பத்திரிகையின் அடிப்பக்கத்தில் வந்த கதையைப் பெண்கள் கத்தரித்து, நூலால் தைத்து, அக்கம்பக்கத்தில் மாற்றிக்கொண்டார்கள் என்று படித்திருக்கிறேன். ஆகவே பழுப்புத்தாள் சொல்கிற 'கையில் மிஞ்சிய தாள்' செய்தித்தாளிலும் உண்டு. அதைப் புத்தகமாக்கியது பதிப்பாளர் இல்லை, வீட்டில் இருந்த பெண். அவளை இந்த இழையில் இதுவரை ஒருத்தரும் கணக்கில் சேர்க்கவில்லை.

பழுப்புத்தாள்:

மீனாள் சொன்னது என் பக்கத்துக்கே பலம். அட்டை, தையல், முழுக்கதை எல்லாம் வேண்டும் என்ற ஆசை வாசகரிடம் இருந்தது, செய்தித்தாள் அதைத் தரவில்லை என்பதால்தானே ஊசியை எடுத்தார்கள்.

ஆனால் இங்கே சஞ்சிகைக்காரர்களைப் பற்றியும் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். 1870-களின் கடைசியில் ழூல் ரூஃப் போன்றவர்கள் வந்தபிறகு இந்த வியாபாரத்தின் முகம் மாறிவிட்டது. எட்டுப் பக்கச் சஞ்சிகை 10 சாந்தீம், முதல் சஞ்சிகை இலவசம். தலையில் பெரிய படம், பெரும்பாலும் ஒரு பெண்ணைக் கடத்துகிறார்கள், இல்லையென்றால் ஒருவன் கத்தியோடு கதவைத் திறக்கிறான். கதையோ நூறு சஞ்சிகையைத் தாண்டியும் ஓடும். கூட்டிப் பாருங்கள், பத்துப் பிராங்குக்கு மேல் ஆகிவிடும். பணக்காரர் அதே கதையைப் புத்தகமாக மூன்றரை பிராங்குக்கு வாங்கினார், ஏழை பத்துப் பத்து சாந்தீமாக அதைவிட மூன்று மடங்கு கொடுத்தார். தவணையில் வாங்குகிறவன் தலையில்தான் எப்போதும் மிளகாய் அரைக்கிறார்கள்.

1849-இல் பார்பா செய்தது வேறு. மொத்த விலையே குறைவு, தவணை வசதிக்கு மட்டும். இரண்டையும் ஒரே சாக்கில் கட்டக்கூடாது.

அச்சுக்கோப்பவர்:

அந்தக் கடைசிக் காலத்துப் படங்களில் கட்டைக்காரர் கை குறைந்துவிட்டது. ஜிலோ என்பவர் 1850-இல் துத்தநாகத் தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் மகன் காலத்தில் அதில் புகைப்படமும் சேர்ந்தது. நம் ஊர் அச்சகங்களில் லைன் பிளாக் என்று சொல்வோமே, அந்த வம்சம். ஓவியர் மரத்தில் வரைய வேண்டாம், தாளில் வரைந்தால் போதும், மூலப்படமும் பிழைத்துக்கொள்ளும். கட்டையில் வரைந்தால் வெட்டும்போதே ஓவியம் செத்துவிடும், டோரே ஆரம்பத்தில் வரைந்தவை அப்படித்தான் போயின.

தாளும் மாறியது. கந்தல் துணிக் கூழ் போய் மரக்கூழ் வந்தது. விலை இறங்கியது, ஆயுளும் இறங்கியது, சீக்கிரம் பழுப்பேறிவிடும். நம் இழை முதல்வரின் பெயரே அதுதானே.

ரவி_புதுவை:

ஹா ஹா. அப்போ பதிப்பாளர் ஃபயார் எங்கே வருகிறார்? எனக்கு அவர் போட்ட ஃபாந்தோமாஸ் குற்றக்கதைகள் மட்டும்தான் தெரியும்.

பழுப்புத்தாள்:

ஃபயார்தான் இந்தக் கதையின் அடுத்த திருப்பம், ரவி. அப்பா ஆர்த்தேம் ஃபயார் 1857-இல் தொடங்கிய பழைய பதிப்பகம். மகன் 1904-இல் 95 சாந்தீமுக்கு ஒரு வரிசை ஆரம்பித்தார், பால் பூர்ஷே மாதிரி மரியாதைப்பட்ட சமகால எழுத்தாளர்கள், இரண்டு பத்தி, உள்ளே படங்கள். அது நடுத்தர வர்க்கத்துக்கு. 1905-இல் வந்தது வெடிகுண்டு: 'ல லீவ்ர் போப்யூலேர்', 65 சாந்தீம், முழு நாவல் ஒரே புத்தகத்தில், நானூறு பக்கத்துக்குக் குறையாமல், சிலது அதற்கும் வெகு மேலே. முதல் புத்தகம் ஷார்ல் மெரூவெல் எழுதிய ஒரு கண்ணீர்க் காவியம். தலைப்பிலேயே கதாநாயகியின் கற்பும் போய்விட்டது, கதையும் தெரிந்துவிட்டது, ஆனாலும் வாங்கினார்கள்.

கவனிக்க வேண்டியது, இந்தப் புத்தகங்களில் உள்ளே படம் இல்லை. படம் அட்டைக்குப் போய்விட்டது, வண்ணத்தில். ஜீனோ ஸ்தராஸ் என்ற இத்தாலிய ஓவியர் ஒருவரே நூற்றுக்கணக்கில் வரைந்து தள்ளினார். கழுத்து நெரிபடுகிறது, ரத்தம் வடிகிறது, கண்ணாடியில் ஒரு முகம் தெரிகிறது. கதையில் முந்நூறாவது பக்கத்தில் வருகிற காட்சியை அட்டையிலேயே போட்டு உடைத்துவிடுவார். யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. உள்ளே முப்பது கட்டை வெட்டுகிற செலவு, வெளியே ஒரே ஒரு வண்ணப் படமாகச் சுருங்கிவிட்டது, 65 சாந்தீமின் சூட்சுமத்தில் அது ஒரு பாதி. இன்னொரு பாதி, பெரும்பாலும் ஏற்கெனவே பத்திரிகையில் ஓடி முடிந்த கதைகள். எழுதின கூலி எப்போதோ கொடுத்து முடிந்தாயிற்று.

பத்துப் பிராங்குச் சஞ்சிகை வியாபாரத்துக்கு நல்ல அடி கொடுத்தது இதுதான். தலாந்தியே, ஃபெரென்ஸி என்று மற்றப் பதிப்பாளர்கள் எல்லாரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள். 1907 வாக்கில் ஐக்லர் என்ற ஜெர்மன்காரர் பாரிசில் கடை போட்டு, நிக் கார்ட்டர், பஃபலோ பில் வாரச் சஞ்சிகைகளை 25 சாந்தீமுக்கு, வாரம் ஒரு முழுக்கதையாக இறக்கினார். அதிலும் வண்ண அட்டைதான் தூண்டில்.

செவ்வந்தி_கே:

ஃபாந்தோமாஸையும் சொல்லிவிடுங்கள், இல்லை நானே சொல்கிறேன். 1911 பிப்ரவரி முதல் 1913 வரை மாதம் ஒன்று வீதம் 32 புத்தகம், தலா 65 சாந்தீம். சுவெஸ்த்ர், மர்செல் அலேன் என்று இரண்டு பேர். கதைத்திட்டத்தை உட்கார்ந்து பேசி, அத்தியாயங்களைப் பங்கு போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு மெழுகு உருளைக் கருவியில் சொல்லிக்கொண்டே போக, தட்டச்சுக்காரர்கள் அடித்தெடுத்தார்கள். அதனால்தான் அந்த நடை. ஒரே விஷயத்தை மூன்று முறை சொல்வார்கள், ஆச்சரியக்குறி மழையாகப் பொழியும், ஆனால் எழுத்தில் உட்கார்ந்து யோசித்தால் வராத ஒரு வேகம் இருக்கும். முதல் அட்டை எல்லாருக்கும் தெரியும், பாரிசின் கூரைகள் மேல் கால் வைத்து நிற்கும் கறுப்புக் கோட்டு முகமூடி மனிதன், கையில் குத்துவாள். 1943-இல் ஓவியர் மக்ரீத் அதே படத்தை வரைந்து வாளுக்குப் பதில் ரோஜாவைக் கொடுத்தார். கவிஞர் அப்போலினேர் முதல் கனவுலகத்தைக் கலையாக்கிய சர்ரியலிஸ்டுகள் வரை இந்த 65 சாந்தீம் புத்தகங்களைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1913-14-இல் கோமோன் நிறுவனத்துக்காக இயக்குநர் ஃபோயாத் ஐந்து திரைப்படம் எடுத்தார், விளம்பரச் சுவரொட்டியில் மட்டும் குத்துவாளை எடுத்துவிட்டார்கள்.

மீனாள்:

இவற்றை இப்போது எங்கே பார்க்கலாம்? பாரிஸ் போகிற வாய்ப்பு இல்லாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செவ்வந்தி_கே:

பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சஞ்சிகைகள் நிறைய இலவசமாக இருக்கின்றன, பதிப்பாளர் பெயரைப் போட்டுத் தேடுங்கள் அக்கா, எழுத்தாளர் பெயரைப் போட்டால் பிற்காலப் பதிப்புகளில் போய் மாட்டிக்கொள்வீர்கள். பாரிஸ் வந்தால் துப்பறியும் இலக்கியத்துக்கென்றே நகராட்சி நடத்தும் பிலிபோ நூலகம் இருக்கிறது. ஆற்றங்கரைப் பழைய புத்தகப் பெட்டிகளிலும் ஸ்தராஸ் அட்டைகள் தலைகாட்டும், நல்ல நிலையில் இருந்தால் விலை கேட்காதீர்கள்.

வழிப்போக்கன்:

கடைசியாக ஒன்று. பழுப்புத்தாள் சாரே சொல்லிவிட்டார், 65 சாந்தீம் புத்தகத்துக்குள் இருந்தது பத்திரிகையில் ஓடி முடிந்த கதை என்று. ஆகவே சுற்றிச் சுற்றி 1836-க்குத்தான் வந்து நிற்கிறோம்.

பழுப்புத்தாள்:

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். அந்த 32 ஃபாந்தோமாஸ் புத்தகங்களும் பத்திரிகையில் தொடராக ஓடி முடிந்து வந்தவை அல்ல, ஃபயார் 65 சாந்தீம் வரிசைக்காகவே ஒப்பந்தம் போட்டு எழுதவைத்தது. மலிவுப் புத்தகம் பத்திரிகையின் மிச்சத்தைச் சாப்பிடுவதை விட்டுத் தானே சமைக்க ஆரம்பித்தது அங்கேதான், அதன்பிறகு அது நிற்கவில்லை. 1920-களில் சிமெனோன் என்ற பையன் வேறுவேறு புனைபெயரில் ஃபெரென்ஸிக்கும் தலாந்தியேவுக்கும் எழுதித் தள்ளியவை பெரும்பாலும் நேரடியாக மலிவு வரிசைக்கு எழுதியவை. 1931-இல் மெக்ரே என்ற துப்பறியும் அதிகாரியின் கதைகளைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் இதே ஃபயாரிடம், அட்டையில் இந்தமுறை ஓவியம் இல்லை, புகைப்படம். சிமெனோனுக்குத் தனி இழை திறக்கிறேன், வழிப்போக்கன் அங்கேயும் 1836-ஐத் தூக்கிக்கொண்டு வரலாம், தடையில்லை.